பழைய எச்டி (எச்டிபிஇ) பிளாஸ்டிக் பாட்டிலில் போட்ட பாண்டு உரிகிறது, அடுக்கிய இடத்திலேயே பிளக்கிறது. கோளாறு எங்கே?

கட்டிங்_மெட்டீரியல் (கேள்வி):
வணக்கம். காயலான் கடையிலிருந்து வரும் எச்டி பாட்டில்களை அரைத்து, கழுவி, தானா (குருணை) ஆக்காமல் நேராக இன்ஜெக்‌ஷன் மெஷினில் கொத்தனார் பாண்டு (கலவை அள்ளும் சட்டி) போடுகிறோம். ஷாம்பு, பினாயில் பாட்டில், இன்ஜின் ஆயில் கேன் எல்லாம் கலந்துதான் வரும். அரைக்க 10 எம்எம் சல்லடை. பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு சலவை, பிறகு தரையில் கொட்டி வெயிலில் காய வைக்கிறோம். ஹீட் பாரலில் (சரக்கு உருகும் உருளை) வரிசையாக 180, 190, 200, நாசிலில் (முனை) 210 டிகிரி. கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறக் குருணை) 2 சதவீதம்.

அடிப்பக்கம் கேட், அதாவது சரக்கு டைக்குள் (அச்சுக்குள்) நுழையும் இடத்தைச் சுற்றி நகத்தால் கீறினால் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கொப்புளம். இதையெல்லாம்விட மோசம், 20 பாண்டு அடுக்கி வைத்தால் நாலைந்து நாளில் யாரும் தொடாமலே அடியில் விரிசல். 240 வரை ஹீட் ஏற்றினால் டை நிரம்புகிறது, ஆனால் புகையும் நாற்றமும் தாங்கவில்லை. மெட்டீரியலா, டையா?

வாஷிங்லைன்:
டையை விடுங்கள். மூன்றும் மூன்று வேறு கோளாறு.

உரிவதற்குக் காரணம் பிபி (பாலிபுரொப்பிலீன்). ஷாம்பு பாட்டில் எச்டி, அதன் மடக்கு மூடி பிபி. இரண்டும் உருகும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. கேட் பக்கம் வேகமாக ஓடும்போது பிபி தனித்தனி இழையாக நீண்டு, அடுக்கடுக்காக உறைந்துவிடும். பத்துப் பாட்டிலை மூடியோடும் மூடியில்லாமலும் எடை போட்டுப் பாருங்கள், எவ்வளவு பிபி உள்ளே போகிறது என்று தெரியும். தண்ணீர்த் தொட்டி இதற்கு உதவாது. எச்டி அடர்த்தி 0.95 பக்கம், பிபி 0.90 – 0.91. இரண்டும் மிதக்கும். தொட்டியில் மூழ்கிப் பிரிவது பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), பிவிசி (பைப் பிளாஸ்டிக்) இரண்டும்தான். அதனால் மூடியை அரைக்கும் முன்பே கையால் கழற்ற வேண்டும், வேறு வழியில்லை. பம்ப் மூடியில் ஸ்டீல் ஸ்பிரிங் இருக்கும், காந்தத்தில் சரியாக ஒட்டாமல் போகலாம், பிளேடைக் காலி பண்ணிவிடும். ஆயில் கேன் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளையும் கிழித்துவிடுங்கள், நாசிலை அடைப்பது அதுதான்.

அரைத்ததில் எவ்வளவு பிபி என்று பார்க்க: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில், பிபி என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டையும் எச்டி என்று தெரிந்த ஒரு துண்டையும் போட்டு, சர்ஜிகல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் எச்டி மூழ்கும், பிபி மிதக்கும். அங்கே நிறுத்தி, 20 கிராம் கட்டிங்கை (அரைத்த துண்டு) போட்டு, மிதப்பதை எடுத்துத் துடைத்து எடை போடுங்கள். துண்டில் காற்றுக்குமிழ் ஒட்டினால் பொய் சொல்லும், நன்றாகத் தட்டிவிடுங்கள். சுண்ணாம்பு கலந்த பிபியும் மூழ்கும். பக்கத்தில் நெருப்பு கூடாது. பாண்டுக்கு 5 சதவீதத்துக்குள் பிபி இருந்தால் ஓட்டலாம்.

கொப்புளம் ஈரம். எச்டி தண்ணீர் குடிக்காது, ஆனால் காகித லேபிளும் மடிந்த துண்டும் பிடித்து வைத்திருக்கும். 500 கிராம் கட்டிங்கை 100 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடை பாருங்கள். ஒரு கிராம் வரை குறைந்தால் சரி. அதற்கு மேல் போனால் வென்ட் (ஆவி வெளியேறும் வழி) இல்லாத பாரலில் கொப்புளம் வரத்தான் செய்யும். தரையில் காய வைப்பதால் மண்ணும் சேர்கிறது. தண்ணீர் பிழியும் டிரையர் ஒன்று, அதன்பின் சூடான காற்று, இதுதான் முறை.

டூல்ரூம்:
மூன்றாவது கோளாறு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யாரும் தொடாமல் விரிந்தால் அது சோப்பு வேலை. எச்டி வளைந்து இழுபட்ட நிலையில் இருக்கும்போது ஷாம்பு, சோப்பு மாதிரி சரக்கு பட்டால் மெதுவாகப் பிளக்கும். உங்கள் கட்டிங்கில் ஷாம்பு மிச்சம், சலவைச் சோப்பு மிச்சம் இரண்டும் இருக்கிறது. அடுக்கு, பாண்டின் அடியில் இழுவை கொடுக்கிறது.

இழுவைக்கு இன்னொரு காரணம் உங்கள் ஹீட் கணக்கிலேயே தெரிகிறது. பாட்டில் சரக்கு புளோ மோல்டிங் (காற்று ஊதிப் பாட்டில் செய்யும்) கிரேடு, எம்எஃப்ஐ (உருகியபின் எவ்வளவு ஓடும் என்ற அளவு) 0.3 மாதிரிதான் இருக்கும். ஓடாது. அழுத்தித் தள்ளினால் டைக்குள் இறுக்கத்தோடு உறையும். 240 ஏற்றுவது தீர்வல்ல, உடைந்த கிரேட் (சாமான் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி) சரக்கு கலப்பதுதான் தீர்வு. கிரேட் எம்எஃப்ஐ 6 என்று வைத்தால் பாதிக்குப் பாதி கலந்தால் 3 வரும் என்று நினைக்காதீர்கள், 1.3 பக்கம்தான் வரும், இது லாக் (மடக்கை) கணக்கு. பாட்டில் 30, கிரேட் 70 என்றால் 2.4 பக்கம் வரும். அதற்கு 210 – 220 போதும்.

மாஸ்டர்பேட்சும் குறைவு. கார்பன் (வெயிலைத் தாங்க வைக்கும் கரி) 40 சதவீதம் உள்ள நல்ல பேட்ச் என்றால் 100 கிலோவுக்கு 5 கிலோ போட்டால்தான் 2 சதவீதக் கார்பன். நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் சாமான் இது.

வாஷிங்லைன்:
சலவை பற்றி விட்டுவிட்டேன். 100 லிட்டருக்கு ஒன்றரை கிலோ காஸ்டிக் சோடா, 60 – 70 டிகிரி, 15 நிமிடம் கலக்கி, பிறகு சுத்தத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். கடைசி அலசல் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குலுக்குங்கள், நுரை நின்றால் இன்னொரு அலசல். கழிவுத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடாதீர்கள்.

காஸ்டிக் சமையல் எண்ணெயையும் லேபிள் பசையையும் எடுக்கும், இன்ஜின் ஆயிலை எடுக்காது. அது பாட்டில் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும், உங்கள் புகையில் பெரும்பங்கு அதுதான். ஆயில் கேனைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுங்கள். பூச்சிமருந்து டப்பா வந்தால் அரைக்கவே அரைக்காதீர்கள். அதைக் கழுவுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

கட்டிங்_மெட்டீரியல்:
ஸ்பிரிட் சோதனை செய்தேன். 20 கிராமில் நாலு கிராம் மிதந்தது. ஏற்கெனவே அரைத்து வைத்த 600 கிலோவை என்ன செய்வது?

டூல்ரூம்:
20 சதவீத பிபி. அதை மட்டும் வைத்துப் பாண்டு போடாதீர்கள். நன்றாக அலசிக் காய வைத்து, புதிய கலவையில் 100 கிலோவுக்கு 10 கிலோ வீதம் சேர்த்தால் பிபி 2 சதவீதம்தான் ஆகும். அந்த 10 கிலோவைப் பாட்டில் பங்கான 30-இல் கழித்துக்கொள்ளுங்கள், கிரேட் பங்கில் கை வைக்க வேண்டாம்.