2^67 − 1 பகா எண்ணா? அடி 2-க்கு ஒரு விடை, அடி 3-க்கு வேறு விடை

கேள்வி:
வணக்கம். 2^67 − 1, அதாவது 147573952589676412927, பகா எண்தானா என்று பைத்தானில் நானே எழுதிய சிறு நிரலால் சோதித்து வருகிறேன். 2-ஐ அடியாகக் கொண்டு, இவ்வெண்ணை விட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, இவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி பகா எண்ணுக்கு வர வேண்டியதும் அதுவே. அடுக்கைப் பாதியாக்கியும் பார்க்கும், இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையை அடி 2 கொண்டு செய்தபோதும் எண் தேறிவிட்டது. ஆனால் அடியை 3 ஆக்கியதும் மீதி 1 வரவில்லை. பைத்தானின் முழு எண்களுக்கு இலக்க வரம்பு இல்லாததால் கணக்கு நிரம்பி வழிந்திருக்க வாய்ப்பில்லை. நிரலில் எங்கே தவறு?

மறுமொழி 1:
நிரல் சரியாகத்தான் இருக்கிறது. இந்த எண்ணுக்கு 2-ஐ அடியாகக் கொண்டதில்தான் சிக்கல். எண்ணை 'ந' என்போம். 2^67 என்பது ந + 1 ஆகையால், அதை ந-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அடுக்கு 67-இன் மடங்காக இருக்கும்போதெல்லாம் மீதி 1 தான். நீங்கள் பயன்படுத்திய அடுக்கான ந − 1 என்பது 2^67 − 2. அது 67-ஆல் வகுபடும் என்பதை அதே சிறு தேற்றம் உறுதி செய்கிறது. அதன் பாதியான 2^66 − 1 என்பதும் 67-ஆல் வகுபடுவதால் மில்லர்-ராபினும் ஏமாறுகிறது. கையால் சரிபார்க்க 2^11 − 1 = 2047 போதும்: அது 23 × 89, ஆயினும் அடி 2-இல் தேறும். அடி 3 சொல்வதை நம்புங்கள். ந பகு எண்ணே. ஐயமற்ற விடை வேண்டுமெனில் லூக்கா-லெமர் சோதனையைச் செய்யுங்கள்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து ந-ஆல் வகுத்த மீதியை எடுப்பதை 65 முறை செய்தபின் 0 வந்தால் மட்டுமே பகா எண்.

கேட்டவர்:
விளங்கியது, நன்றி. காரணிகளைத் தேடத் தொடங்கினேன். வர்க்கமூலமே 1,214 கோடியைத் தாண்டுவதால் ஒற்றை எண்கள் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது முடியவே இல்லை.

மறுமொழி 2:
எல்லா ஒற்றை எண்களும் தேவையில்லை, நண்பரே. இதன் பகாக் காரணி எதுவாயினும் 134-இன் மடங்கை விட ஒன்று அதிகமாக இருக்கும்; அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்கும். இவ்விரண்டுக்கும் பொருந்தும் எண்களை மட்டும் வரிசையாக எடுத்தால் 7,22,790-ஆவது வகுத்தலில் 193707721 அகப்படும், மற்றது 761838257287. கணித அறிஞர் மெர்சென் 1644-இல் இந்த 2^67 − 1-ஐப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் கணித அறிஞர் லூக்கா காரணிகளைக் காட்டாமலேயே அதை மறுத்தார். காரணிகளை 1903-இல் கண்டு சொன்னவர் கோல் என்ற கணித அறிஞர்.

மறுமொழி 3:
ஒரு சேர்க்கை. இரு காரணிகளிலிருந்தும் தனித்தனியே 1-ஐக் கழித்தால் வருபவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 1206. ஆகவே ந-ஐ விடச் சிறிய எண்களில் ஃபெர்மா சோதனையை (நீங்கள் முதலில் செய்த, மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஏமாற்றும் அடிகள் 1206 × 1206, அதாவது 14,54,436 மட்டுமே. 21 இலக்க எண்ணுக்கு இது மிகச் சொற்பம். அவற்றில் ஒன்றான 2-ஐத்தான் எல்லாரும் முதலில் எடுக்கிறோம்.