புதுக் கணினியோடு முதல் சில நாள்: பொறுமை இழக்காதவர் யாராவது உண்டா?

ஏழு வருடம் உழைத்த மடிக்கணினியை மாற்ற வேண்டிய கட்டாயம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பழையதில் இல்லை. புதியது வந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பிரித்தேன். பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

மொழி, வைஃபை, கணக்கு, கடவுச்சொல், முகம், விரல் என்று வரிசையாகக் கேட்டது, எல்லாம் கொடுத்தேன். கடைசியில் அப்டேட். முப்பது சதவீதம் வரை மடமடவென்று ஓடி, 31-இல் உட்கார்ந்துகொண்டது. இருபது நிமிடம், நாற்பது நிமிடம், அசையவில்லை. “அப்பா, முடிஞ்சிடுச்சா?” என்று மூன்றாவது தடவை கேட்ட மகனிடம் எரிந்து விழுந்தேன். “கம்ப்யூட்டர் மேல கோபம்னா அதைத் திட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மிச்சக் கோபத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

மறுபடி போட்டால், செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. அதற்கு ஒரு மணி நேரம். பிறகு அதே அப்டேட், முதலிலிருந்து. சதவீதம் கடிகாரம் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. எத்தனை படி முடிந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஒரு படி நொடியில் முடியும். இன்னொன்று ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எழுதிக்கொண்டே கிடக்கும். இரண்டாவது தடவை சார்ஜரைச் செருகி, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். மகனைச் சமாதானப்படுத்தத்தான் அப்டேட்டை விட அதிக நேரம் பிடித்தது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்களேன்.

*

சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது நல்ல யோசனை! எனக்கு நடந்தது இரண்டாம் நாள். தெரிந்தவள் மாதிரி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் ஒரு அமைப்பை மாற்றினேன். அடுத்த தடவை நீலத் திரை: 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்றது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வட்டு தானாகவே பூட்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் பழைய கணினியை அதற்கு முந்தைய நாள்தான் அழித்துச் சுத்தமாகத் துடைத்திருந்தேன். (இதைச் செய்யாதீர்கள். ஒரு மாதமாவது பழையதைத் தொடாமல் வையுங்கள்.)

முதல் நாள் உள்நுழைந்த கணக்கிலேயே சாவி சேமிக்கப்பட்டிருந்தது. அலைபேசியில் அதைத் திறந்து கணவர் வாசிக்க, நான் தட்டினேன். “ஆறா, ஒன்பதா? சரியாச் சொல்லுங்க” என்று ஒரே சண்டை. அப்போது அவர்தான் ஒரு விஷயம் தேடிப் படித்துச் சொன்னார். அந்த 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். அதனால் தப்பாகத் தட்டினால் எந்தத் தொகுதியில் தப்பு என்று திரையே காட்டிக்கொடுத்துவிடும். கேட்டதும் பாதிப் பதற்றம் போய்விட்டது. நாற்பத்தெட்டையும் ஒரே மூச்சில் பிழையில்லாமல் அடிக்க வேண்டியதில்லை, ஆறு ஆறாக அடித்தால் போதும். இப்போது அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

*

நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை. ஒரு டிபி (டெராபைட்) என்று சொல்லி வாங்கிய வட்டு 931 ஜிபி என்று காட்டியது. விற்றவரை அழைத்து “மீதி எங்கே?” என்று சத்தம் போட்டேன். ஒரு லட்சம் கோடி பைட் முழுசாகத்தான் இருந்தது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024-ஆல் மூன்று முறை வகுக்கிறது, அவ்வளவுதான். திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டேன். மனிதர் சிரித்தார்.

*

என் பயம் வேறு. அப்பா தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போன இருநூறு பக்கக் கோப்பைப் புதுக் கணினிக்கு மாற்றித் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் புரியாத கிறுக்கல். அழுதே விட்டேன். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஏதேதோ மென்பொருளை இறக்கினேன். இரவு இரண்டு மணி வரை இதே கூத்து.

காலையில்தான் நிதானமாக யோசித்தேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் அப்பா பயன்படுத்தியது அதற்கு முந்தைய பாணி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ரகம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். பழைய கணினியின் ஃபான்ட் கோப்புறையிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்து நிறுவினேன். முதல் வரியிலேயே அப்பா வந்துவிட்டார். யூனிகோடுக்கு மாற்றும் வேலையை இப்போது தினம் பத்துப் பக்கமாகச் செய்கிறேன். பழைய கோப்பின் இரண்டு பிரதி தனியே இருக்கிறது.

*

தொடங்கிவைத்தவன்தான் மறுபடி எழுதுகிறேன். எழுத்துருக் கதையைப் படித்துவிட்டு, பழைய மடிக்கணினியை அழிக்க வைத்திருந்த திட்டத்தைத் தள்ளிப்போட்டேன். பிரின்டரை இன்னும் இணைக்கவில்லை. மகன் நேற்றுக் கேட்டான். இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.