அவசரம்: பேசாத பார்டுக்கு ஸ்பெல் போட வழியே இல்லையா?

கைமேளம்:
வணக்கம். டி அண்ட் டி ஆட்டத்துக்கு (ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது என்று ஒரு பார்ட், அதாவது இசையால் மந்திரம் போடும் பாத்திரம், உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு சின்ன மேளம், அவ்வளவுதான். பின்கதை எழுதியாச்சு, ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பாத்திரத்தின் விவர ஷீட்டை நிரப்ப உட்கார்ந்தால் எந்த ஸ்பெல்லை (மந்திரத்தை) தொட்டாலும் வெர்பல், வெர்பல் (வாயால் சொல்ல வேண்டும்) என்றே வருகிறது. நாளை ராத்திரி செஷன். கிளாஸை (பாத்திர வகையை) மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எட்டுமுகம்:
டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். 2014 புத்தகமா, 2024-ஆ? என்ன லெவல்?

கடைசிஇருக்கை:
எந்த காலேஜ் (பார்டின் உட்பிரிவு)? பார்ட்டியில் (உங்கள் குழுவில்) வேறு யார் யார்? காயம் ஆற்றும் ஹீலிங் வேர்டு முழுக்க வாயால் போடுவது. வேறு ஹீலர் இல்லையென்றால் இந்த யோசனை முதல் சண்டையிலேயே அடிபடும்.

சார்சரர்தாசன்:
கூடவே மூன்று லெவல் சார்சரர் என்ற மந்திரவாதி கிளாஸ் எடுங்கள். ஸ்பெல் போடும் விதத்தை மாற்றும் மெட்டாமேஜிக்கில் சப்டில் ஸ்பெல் வரும். வாயும் வேண்டாம், கையும் வேண்டாம். இரண்டு கிளாஸும் கரிஸ்மா என்ற ஒரே குணத்தில்தான் ஓடுகின்றன.

எட்டுமுகம்:
தாசரே, எந்த இழைக்குப் போனாலும் இதே மருந்துதானா? அதற்கு டாஷா என்ற துணைப் புத்தகத்தில் (2020) மெட்டாமேஜிக் அடெப்ட் ஃபீட் (தனித்திறன்) இருக்கிறது. மெட்டாமேஜிக்குக்குச் செலவழிக்க இரண்டு சார்சரி பாயிண்ட் தரும், சப்டிலுக்கு ஒன்று செலவு. ஒரு லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) இரண்டு ஸ்பெல் சத்தமில்லாமல் போடலாம். பார்ட் லெவல் எதையும் இழக்க வேண்டாம்.

விதிமூலம்:
2014 புத்தகத்தின் 10-ஆம் அத்தியாயத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது. பார்டின் இசைக்கருவி ஒரு ஃபோகஸ். மெட்டீரியலுக்கு (மந்திரத்துக்குத் தேவையான பொருளுக்கு) பதிலாக நிற்கும், வெர்பலுக்கு நிற்காது. புதிதாக வருகிறவர்கள் பின்கதையை முதலில் எழுதிவிட்டு விதியை அப்புறம் தேடுவது வழக்கமாகிவிட்டது.

ஊதுகுழல்:
அதே அத்தியாயத்தில்தான் மந்திரத்தின் பலம் சொற்களில் இல்லை, ஒலிகளின் சேர்க்கையிலும் சுருதியிலும் அதிர்விலும் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. மேளம் ஒலி இல்லாமல் வேறு என்னவாம்?

விதிமூலம்:
அடுத்த வாக்கியத்தையும் படியுங்கள். வாயைக் கட்டிவிட்டால் வெர்பல் ஸ்பெல் போட முடியாது.

ஊதுகுழல்:
சரி, மேளத்தைப் பிடுங்கிக்கொண்டால் போட முடியாது என்று டிஎம் வைத்துக்கொள்ளட்டும். கணக்கு நேர். சொல்லப்போனால் நஷ்டம் ஆட்டக்காரருக்குத்தான். நாக்கை யாரும் திருடிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

விதிமூலம்:
அப்படியானால் விதிப்புத்தகம் எதற்கு? ஆளுக்கு ஒரு காகிதம் எடுத்து எழுதிக்கொள்ளலாமே.

இருபத்துநாலு:
2024-க்கு மாறுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கூட்டாளிக்கு ஊக்கம் தரும் பார்டிக் இன்ஸ்பிரேஷனுக்கு, அவர் உங்களைப் பார்த்தாலோ கேட்டாலோ போதும். காலேஜ் ஆஃப் டான்ஸ் வேறு இருக்கிறது.

எட்டுமுகம்:
2014-லும் இன்ஸ்பிரேஷனுக்குப் பேச்சு கட்டாயம் இல்லை. சொல் அல்லது இசை, 60 அடிக்குள் இருப்பவருக்குக் காதில் விழுந்தால் சரி. மேளம் தாராளமாகப் போதும்.

கடைசிஇருக்கை:
எல்லாம் சரி, கேட்டவர் எங்கே?

கைமேளம்:
வேலையில் இருந்தேன். 2014. லெவல் 5. காலேஜ் ஆஃப் லோர். மற்றவர்கள் ஃபைட்டர், ரோக், க்ளெரிக் (ஹீலிங் தெரிந்த பூசாரி). பேச வரும், பேசுவதில்லை என்று சபதம். அது முக்கியமா?

நிழல்கூத்து:
அதுதான் முக்கியம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாய் இருக்கிறது என்றால் விதி உங்களைத் தடுக்கவே இல்லை, சபதம்தான் தடுக்கிறது. மந்திரத்துக்கு மட்டும் வாய் திறப்பார் என்று வைத்தாலும் பாத்திரம் நிற்கும்.

அதுவும் வேண்டாம் என்றால் வெர்பல் இல்லாததாகப் பொறுக்குங்கள். கேன்ட்ரிப்பில் (எத்தனை தடவையும் போடக்கூடிய சின்ன மந்திரங்களில்) மைனர் இல்யூஷன். ஸனாதர் என்ற துணைப் புத்தகத்தை டிஎம் அனுமதித்தால் தண்டர்க்ளாப், கை அசைவு மட்டும் போதும்: உங்களைச் சுற்றி 5 அடிக்குள் இருப்பவர்களுக்கு அடி, சத்தமோ 100 அடிக்குக் கேட்கும். மௌனி கையைத் தட்டினால் காடே அதிரும், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். லெவல் 5 என்பதால் பார்ப்பவர்களை மயக்கும் ஹிப்னாடிக் பேட்டர்னும் எட்டும், அதற்கும் குரல் வேண்டாம்.

உங்களிடம் க்ளெரிக் இருக்கிறாரே, அவரைச் சைலன்ஸ் (சத்தத்தை அடக்கும் மந்திரம்) தயார் செய்து வரச் சொல்லுங்கள். எதிரி மந்திரவாதிகள் நிற்கிற இடத்தில் அவர் அதைப் போடட்டும். 20 அடி ஆரத்துக்குள் அவர்கள் வாய் திறந்து பயனில்லை, நீங்கள் உள்ளேயே நின்று ஹிப்னாடிக் பேட்டர்ன் போடலாம். இரண்டும் கான்சன்ட்ரேஷன் (கவனம் விடாமல் பிடித்திருக்க வேண்டியவை), ஒரே ஆளால் முடியாது, அதனால்தான் க்ளெரிக். லெவல் 6-இல் லோர் காலேஜுக்கு மேஜிக்கல் சீக்ரெட்ஸ் (மற்ற கிளாஸ்களின் மந்திரத்தையும் எடுக்கும் வசதி) வரும்போது எதிரி மந்திரத்தை முறிக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் எடுங்கள், அதுவும் வெறும் கை அசைவுதான். வாயால் கேலி செய்து அடிக்கும் விஷியஸ் மாக்கரியை மறந்துவிடுங்கள். எதிரியின் பகடை எண்ணைக் குறைக்கும் கட்டிங் வேர்ட்ஸ் பற்றி டிஎம்மிடம் முன்கூட்டியே பேசுங்கள். எதிரிக்கு நீங்கள் செய்வது காதில் விழ வேண்டும் என்பது ஒரு நிபந்தனை, மேளத்தில் கேலியாக நாலு அடி அடித்தால் எந்த டிஎம்மும் மறுக்க மாட்டார்.

சார்சரர்தாசன்:
சைலன்ட் இமேஜ் மந்திரத்தை விட்டுவிட்டீர்களே, பெயரிலேயே மௌனம் இருக்கிறது.

நிழல்கூத்து:
அதற்கு வெர்பல் உண்டு. சைலன்ஸுக்கும் உண்டு. இந்தப் பெயர்களை யார் யோசித்தார்களோ!

விதிமூலம்:
கேலி அடி என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஊதுகுழல்:
வாய்க்குள் முணுமுணுத்தால் வெர்பல் ஆகுமா என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதற்கும் ஒவ்வொரு மேசையிலும் டிஎம்தான் முடிவு சொல்கிறார்.

விதிமூலம்:
அது வேறு இழை. ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள்.

கைமேளம்:
ஆடியாச்சு. மேளத்தை வெர்பலாக டிஎம் ஏற்றுக்கொண்டார், ஆனால் சத்தம் கட்டாயம் கேட்கும், ஒளிந்துகொண்டு போட முடியாது என்றார். தண்டர்க்ளாப்பில் எங்கள் ரோகும் சேர்ந்து விழுந்தார். எல்லாருக்கும் நன்றி.

எட்டுமுகம்:
ஃபீட் எடுத்தீர்களா, இல்லையா?

சார்சரர்தாசன்:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.