செட்டில்மென்ட்: ‘தாழிறக்கம்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டு உரிமையாளர்களுக்கான கட்டடப் பராமரிப்புக் கையேட்டில், கட்டடமோ தளமோ கீழ்நோக்கி இறங்குவதைக் குறிக்கும் செட்டில்மென்ட் என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்ற இவ்விழையில் படிவு, அமிழ்வு, அமுங்கல், உள்வாங்கல் ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. வீட்டைச் சுற்றிப் போட்ட காங்கிரீட் தளம் கீழே போவதை முதல் நிலையிலேயே கண்டுகொள்ள உதவுவதுதான் அந்த அத்தியாயத்தின் நோக்கம் என்பதால், வாசலில் நின்று தளத்தைப் பார்க்கும் ஒருவருக்கு எந்தச் சொல் குழப்பமின்றிப் பயன்படும் என்பதையே அளவுகோலாகக் கொள்ள விரும்புகிறேன்.

‘படிவு’ என்பது வண்டல், சுண்ணாம்பு போன்றவை சேர்ந்து தங்குவதற்கு நிலைபெற்றுவிட்ட சொல். வண்டல் மண்ணில் கட்டிய வீட்டைப் பற்றி எழுதும்போது ஒரே பத்தியில் அது இரு பொருளில் வந்து நிற்கும். ‘அமுங்கல்’ மண்ணுக்கு நேர்வதைச் சொல்கிறதே தவிர, அதன் விளைவாகத் தளத்துக்கு நேர்வதைச் சொல்லவில்லை. தவிர, இலங்கைப் பாடநூல்களில் ‘அமுக்கம்’ என்பது நாம் அழுத்தம் என்று வழங்குவதைக் குறிக்கிறது. ‘உள்வாங்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கொத்தனார்கள் ‘தரை உள்வாங்கிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கரையிலிருந்து கடல்நீர் பின்வாங்குவதற்கும் செய்தித்தாள்கள் அதையே எழுதுகின்றன. பக்கவாட்டு நகர்வையும் கீழ்நோக்கிய நகர்வையும் பிரித்துக் காட்ட வேண்டிய துறையில் இந்த நெகிழ்ச்சி ஆகாது. ‘அமிழ்வு’ குறித்துக் கீழே எழுதுகிறேன்.

என் முன்மொழிவு ‘தாழிறக்கம்’. இது நான் புதிதாக ஆக்கிய சொல் அன்று. மழைக்குப் பின் சாலை கீழே போனால் இலங்கைத் தமிழ்ச் செய்திகள் ‘வீதி தாழிறங்கியது’ என்று எழுதுவது வழக்கம். தாழிறங்கு என்ற வினை இருப்பதால் தாழிறங்கிய தளம், தாழிறங்கும் மூலை, தாழிறங்காத பகுதி என்று எச்சங்களையும் தடையின்றி ஆக்கிக்கொள்ளலாம். திசை சொல்லுக்குள்ளேயே இருப்பதால் முதன்முறை படிப்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடு ஒன்றின் பின்புறம், துவைகல்லை ஒட்டிய நடைதளத்தைப் பார்க்க நேர்ந்தது. சுவருக்கு வெள்ளையடித்தபோது வண்ணம் தளத்தின் மேற்பரப்பு வரைதான் வந்திருந்தது. இப்போது அந்த வண்ணக் கோட்டுக்குக் கீழே, பூசாத சாம்பல் நிறச் சிமென்ட் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாகத் தெரிந்தது. துவைகல்லின் அருகே அகலமாக இருந்த பட்டை, மூலையை நோக்கிப் போகப்போகக் குறுகி மறைந்தது. வீட்டிலிருந்தவர்கள் அதைப் பூச்சுக் குறை என்றே எண்ணியிருந்தார்கள். உண்மையில் அப்பட்டையின் அகலமே தாழிறக்கத்தின் அளவு. அது எங்கே மிகுதியோ அங்கேதான் நீர் இறங்குகிறது. ஒரு குடம் நீரை ஊற்றியதும் அது தோட்டத்தின் பக்கம் ஓடாமல் சுவரடிக்கு வந்து இடுக்கில் மறைந்தது. அஞ்ச வேண்டிய நிலை இதுதான்: சுவரைக் காக்கப் போட்ட தளமே அஸ்திவாரத்துக்கு நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் அஸ்திவாரக் குழியை மூடும் விதமே காரணம். மண்ணைச் சிறு சிறு அடுக்காக இட்டு, நனைத்து, திமிசு போட்டு இறுக்காமல், ஒரே மூச்சில் தள்ளி நிரப்பிவிட்டு மேலே காங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் வாய், கசியும் கழிவுநீர்க் குழாய், பெருச்சாளி வளை ஆகியவை மீதியைச் செய்கின்றன. தளத்துக்கு அடியில் உருவாகும் வெற்றிடத்தை ‘அடிப்பொந்து’ எனலாம். சுத்தியல் காம்பால் தட்டும்போது பொந்து உள்ள இடத்தில் ஓசை வேறுபடும் என்பதைக் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

அடையாகச் சேர வேண்டிய சொற்களில் முதன்மையானது, இறக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் குறிக்கும் டிஃபரன்ஷியல் என்பதற்கு உரியது. நான் ‘சீரிலாத் தாழிறக்கம்’ என்கிறேன். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1904-இன் 1986ஆம் ஆண்டுப் பதிப்பு, மணலிலும் கெட்டியான களிமண்ணிலும் தனித்தனி அடித்தளங்கள் கொண்ட வலுவூட்டிய காங்கிரீட் கட்டடத்துக்கு மொத்தத் தாழிறக்கம் 50 மி.மீ. வரை ஏற்கத்தக்கது என்றது. ஆனால் தூண்கள் இறங்கும் அளவுகளுக்கிடையேயான வேறுபாட்டை அவற்றின் இடைவெளியில் 0.0015 பங்குக்குள் நிறுத்தியது. அதாவது 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு தூண்களுக்கு 4.5 மி.மீ. மட்டுமே. எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டிலும் எவ்வளவு சீரின்றி இறங்கியது என்பதே விரிசலைத் தீர்மானிப்பதால், இந்த அடைமொழியைக் கலைச்சொல் பட்டியலில் விட்டுவிடக் கூடாது.

அவ்வாறே ‘தளத் தாழிறக்கம்’, ‘அடித்தளத் தாழிறக்கம்’ என்று பிரித்து எழுதுவதும் இன்றியமையாதது. நடைதளமோ போர்டிகோவோ படிக்கட்டோ மட்டும் இறங்கி, சுவர் பழுதின்றி இருந்தால் அது முன்னது. தளத்தைப் பெயர்த்து, மண்ணை இறுக்கி, வெளிப்புறச் சரிவுடன் மீண்டும் போட்டால் தீரும். செங்கல் இணைப்புகளின் வழியே படிபடியாக ஏறும் விரிசல், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கீறல் ஆகியவை தெரிந்தால் பின்னதாக இருக்கக்கூடும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியெழுதி, அது வளர்கிறதா என்று கவனித்தவாறே பொறியாளரை அழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால், தேவையில்லாதவர் பதறுவார். பதற வேண்டியவர் சிமென்ட் பூசி மூடிவிடுவார்.

இனி ‘அமிழ்வு’. அதை நான் ஒதுக்கவில்லை. நிலப்பரப்பே கீழே போவதைக் குறிக்கும் சப்சிடென்ஸ் என்பதற்கு ‘நில அமிழ்வு’ என ஒதுக்கிவைக்கக் கேட்கிறேன். நிலத்தடி நீரை மிகையாக உறிஞ்சியதால் மெக்சிகோ நகரம் கீழே போவது கட்டடங்களின் எடையால் மட்டும் நேர்வதன்று. அங்கே நிலமே அமிழ்கிறது. கட்டடத்தின் சுமையாலோ நிரப்பு மண்ணின் தளர்ச்சியாலோ வருவது தாழிறக்கம் என்று கொண்டால் இரண்டும் மோதாது.

மண் உப்பித் தளத்தை மேலே தூக்குவதைக் குறிக்கும் ஹீவ் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகவே ஒரு பக்கம் இறங்கியதுபோல் தோன்றுவது, மறுபக்கம் மேலே தூக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சரிவு தெரியுமே ஒழிய, எந்தப் பக்கம் அசைந்தது என்பது தெரியாது. ‘மண் உப்பல்’ என்பதைத் தற்காலிகமாக இட்டிருக்கிறேன். விருதுநகர், தூத்துக்குடி, கோவை வட்டாரங்களில் மேஸ்திரிகள் இதற்கு வேறு சொல் வழங்குவதைக் கேட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை நீக்கிவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.

அன்புடன்.