துருப்பிடித்த ஹெரால்ட்: வீட்டில் கட்டிய சாண்ட் பிளாஸ்டர் போதுமா?

குரோம்பேட்டை ஹெரால்ட்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு வண்டி. பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இப்போது பாடியைத் தூக்கித் தனியாக வைத்தாயிற்று. சேஸிஸில் பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள் செதில் செதிலாக உரிகின்றன. டிக்கித் தரையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. கதவுகளின் அடிவிளிம்பு முழுக்கப் பெயின்ட் கொப்புளம்.

சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை வீசித் துருவை உரிப்பது) செய்கிற ஓர் இடத்தில் விசாரித்தேன். கர்டரும் டேங்க்கும் அடிக்கிற ஆட்கள். “கொண்டுவந்து போடுங்க சார், சாயங்காலம் எடுத்துக்கங்க” என்றார்கள். கதவுத் தகடு எத்தனை கேஜ் கனம் என்றுகூடக் கேட்கவில்லை. அதனால் நானே ஒன்று கட்டலாம் என்று திட்டம். பழைய ஸ்பார்க் பிளக்கின் நடுக்கம்பியைத் தட்டி எடுத்துவிட்டு, அந்தப் பீங்கானையே நாசிலாக வைக்கலாம். மணலுக்கு ஒரு பெயின்ட் பக்கெட், காற்றுக்கு என் 2 எச்.பி. கம்ப்ரசர். பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் மிச்சம் இருக்கிறது. சேஸிஸ், கதவு, பானெட் எல்லாவற்றையும் இதிலேயே முடித்துவிடலாமா?

லேத்து கோவை:
தாராளமாகச் செய்யுங்கள் நண்பரே. பிளக் பீங்கான் நல்ல யோசனை. இரும்பு நாசில் வைத்தால் மணல் அதையே தின்று துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் காற்று பற்றாது. இந்த வேலையில் மணல் வீசும் துப்பாக்கி எல்லாம் ஒரு விஷயமே இல்லை, காற்றுதான் விஷயம். 3 மி.மீ. துளைக்கு 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று வேண்டும். உங்கள் 2 எச்.பி. மெஷின் 7, 8 கன அடி கொடுத்தாலே பெரிது. கொஞ்ச நேரம் அடிப்பீர்கள், டேங்க் காலியாகும், டீ குடித்துவிட்டு வருவீர்கள். அதற்காகத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். துளையின் விட்டம் இரட்டிப்பானால் காற்றுத் தேவை நாலு மடங்காகும்.

அடுத்தது தண்ணீர். கம்ப்ரசரிலிருந்து சூடாக வரும் காற்று, ஹோஸில் ஆறும்போது ஈரத்தைக் கக்கும். மணல் நனைந்து கட்டியாகித் துப்பாக்கி அடைக்கும். நடுவில் கொஞ்சம் காப்பர் பைப்பைச் சுருளாக வளைத்து ஒரு டிரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். சுருளைத் தாண்டி ஒரு வாட்டர் செபரேட்டர் போடுங்கள். செபரேட்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுகிறவர்கள் உண்டு. அங்கே காற்று இன்னும் ஆறியிருக்காது, பிடிக்க வேண்டிய தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும்.

“கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டால் போதுமே” என்று யாராவது வருவார்கள். கம்பி பிரஷ் துருவை எடுக்காது, பாலிஷ் போடும். குழிக்குள் இருக்கிற கறுப்புத் துரு பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதன்மேல் பிரைமர் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி கொப்புளம். குழியின் அடி வரை போய்ச் சுரண்டுவது மணல் ஒன்றுதான்.

சேலம் டிங்கர்:
லேத்து தம்பி சொன்னதில் சேஸிஸ் வரைக்கும் எனக்குச் சம்மதம். கதவு, பானெட், டிக்கி மூடி பக்கம் மட்டும் இந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள் சார். நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிங் முடிந்து என்னிடம் வருகிற பானெட்டுகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும். நடுவில் கையை வைத்து அழுத்தினால் ‘டொக்’கென்று உள்ளே போய், விட்டால் ‘டொக்’கென்று வெளியே வரும். அந்தத் தகட்டைச் சுருக்கி எடுப்பதற்குள் புதுசாகவே ஒன்று தட்டிவிடலாம். இல்லையென்றால் விரல் கனத்துக்குப் பட்டி பூச வேண்டியதுதான்.

இன்னொன்று. மற்ற நாடுகளில் ஹெரால்ட் செடான் ரெண்டு கதவோடு நின்றுவிட்டது. நாலு கதவு ஹெரால்ட் நம் மதராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்தது மட்டும்தான். முன்பக்கத்துக்கு இங்கிலாந்தில் கேட்டால் ஏதாவது ஒரு பேனல் கிடைக்கலாம். உங்கள் பின்கதவு நெளிந்தால் மாற்றுக் கதவுக்கு எங்கே போவீர்கள்?

லேத்து கோவை:
அண்ணே, நெளிவது சூட்டால். ஒரே இடத்தில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்தத் தகடும் நெளியும். சாய்வாகப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. செய்கிறவன் தப்புக்கு மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

ஃபவுண்டரி சேஃப்டி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இது சூட்டால் வருவதில்லை. அடித்த உடனே தகட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிச் சுத்தியல். அடி வாங்கிய பக்கத்தின் தோல் விரியப் பார்க்கிறது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது, அதனால் தகடு வளைகிறது. ஸ்ப்ரிங்குகளுக்கு ஷாட் பீனிங் (பலம் ஏற்றக் குட்டிக் குண்டுகளால் அடிப்பது) செய்யும் தொழிற்சாலைகளில் ஆல்மென் ஸ்ட்ரிப் என்று ஒரு சின்ன எஃகுப் பட்டை வைத்திருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மென் கொண்டுவந்த முறை. பட்டையின் ஒரு பக்கம் மட்டும் அடித்து, எவ்வளவு வளைந்தது என்று அளந்தால் அடியின் வேகம் தெரியும். பட்டை வளையும் என்பதை நம்பித்தான் அந்தச் சோதனையே நடக்கிறது. 20 கேஜ் கதவு 0.9 மி.மீ. கனம்தான். கதவு மட்டும் எப்படி வளையாமல் இருக்கும்? கையை நகர்த்தினால் வளைவு சீராகப் பரவும், இல்லாமல் போகாது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. முதல் பதிவில் எம்-சாண்ட் என்று இருக்கிறது. இத்தனை பேர் படித்தும் அதை யாரும் தொடவில்லை. அது கருங்கல்லை உடைத்த தூள், அதில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கிறது. ஆற்று மணலில் இன்னும் அதிகம். இரும்பில் மோதிச் சிதறினால் கண்ணுக்கே தெரியாத தூளாகி நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது, காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். பிரிட்டனில் 1949-லேயே பிளாஸ்டிங்குக்கு மணலைத் தடை செய்துவிட்டார்கள். துருக்கியில் ஜீன்ஸைப் பழசாகக் காட்ட மணல் அடித்த சின்னப் பையன்கள் இதில் செத்தார்கள். அங்கே 2009-ல் தடை வந்தது. நம் நாட்டிலும் தொழிற்சாலைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று.

லேத்து கோவை:
சூடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், விடுங்கள். ஆனால் அந்தப் பையன்கள் ஜன்னல் இல்லாத அறையில் நாள் முழுக்க, மாதக்கணக்கில் அடித்தவர்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை மொட்டை வெளியில் ஒரு சேஸிஸ் அடிக்கப் போகிறார். மாஸ்க் போட்டுக்கொண்டால் போகிறது. இப்படிப் பயமுறுத்தினால் வீட்டில் யாரும் ஸ்க்ரூ கூடத் திருக மாட்டார்கள்.

ஃபவுண்டரி சேஃப்டி:
ஒரு ஞாயிறும் ஓராயிரம் ஞாயிறும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த மாஸ்க்? மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற துணி மாஸ்க்கா? பிளாஸ்டிங் செய்கிறவர்கள் போடுவது தலை முழுக்க மூடி, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் ஹூட். குரோம்பேட்டையில் மொட்டை வெளி எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயும், குழந்தை விளையாடும். அவர்களுக்கு யார் மாஸ்க் கொடுப்பது? 1970 வண்டி என்றால் பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்க வாய்ப்பு அதிகம். மணலை மாற்றினாலும் அந்தத் தூசி பறக்கத்தான் செய்யும். முதலில் பெயின்ட் ரிமூவர் போட்டுப் பெயின்ட்டை உரித்துவிட்டு, துருவுக்கு மட்டும் பிளாஸ்டிங் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குப் பதில் கார்னெட் வாங்குங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் கிடக்கிற அதே சிவப்புத் தாது. 2013-ல் தமிழக அரசு அள்ளத் தடை போட்ட தாதுமணலில் அதுவும் உண்டு. தனி சிலிக்கா அதில் மிகக் குறைவு, கடினமும் அதிகம், சலித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். அதற்காகக் கடற்கரைக்குப் போய் மூட்டை கட்டிவிடாதீர்கள். கடல் மணலின் உப்பு இரும்பில் ஏறினால் நீங்கள் துருவை எடுக்கவில்லை, விதைக்கிறீர்கள்.

புதுசு 92:
பக்கெட்டுக்குப் பதில் பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி, வால்வு வைத்து, காற்றழுத்தத்தில் மணலைத் தள்ளும் பிரஷர் பாட் ஆக்கினால் வேகம் வருமாமே? வீடியோவில் பார்த்தேன்.

லேத்து கோவை:
இதில் நானும் சேஃப்டி சாரும் ஒரே கட்சி. காலி சிலிண்டர் என்று ஒன்று கிடையாது, உள்ளே கேஸ் மிச்சம் இருக்கும். கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும். தவிர, வீட்டு சிலிண்டர் உங்கள் சொத்தே இல்லை, எண்ணெய் கம்பெனியின் சொத்து. நீங்கள் கட்டியது டெபாசிட் மட்டும்.

ஏ40 பருத்தித்துறை:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். இங்கே ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார் எல்லாம் இன்னும் ஓடுது, உப்புக் காற்றிலதான். நாங்கள் சின்னச் சாமான்களுக்கு மணல் அடிக்கிறதே இல்லை. பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணி, அதில் சலவைச் சோடா. பற்றரி சார்ஜரின் நெகடிவை துருப்பிடித்த சாமானில கொழுவுங்கோ, பொசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டில கொழுவுங்கோ. விடிய எடுத்துப் பார்த்தால் துரு கறுப்புச் சேறாக் கழண்டு வரும், நல்ல இரும்பு ஒரு நூல்கூடத் தேயாது. பொசிட்டிவுக்கு எவர்சில்வர் மட்டும் போடாதேங்கோ, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணியில இறங்கும். ஐதரசன் வாயு வரும், அறைக்குள்ள வைத்துச் செய்யக் கூடாது. கதவுப் பிணைச்சல், பிறேக் டிரம், பிராக்கெற்று எல்லாத்துக்கும் இது போதும் அண்ணை.

சேலம் டிங்கர்:
நல்ல முறைதான். ஆனால் முழுக் கதவுக்குப் பீப்பாய் பற்றாது, தொட்டி கட்ட வேண்டும். கதவின் உள்மடிப்புக்குள் கரன்ட் சரியாகப் போகாது. நேர் எதிரே தகடு இருக்கிற பக்கம்தான் துரு நன்றாக விடும்.

குரோம்பேட்டை ஹெரால்ட்:
நிறைய விஷயம் தெரிந்தது, எல்லோருக்கும் நன்றி. எம்-சாண்டை மனைக்காரரிடமே விட்டுவிட்டேன். இங்கே ஒரு வாட்டர் ஜெட் கட்டிங் (கார்னெட் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி வெட்டுவது) கடையில் பயன்படுத்திய கார்னெட் சும்மாவே தருகிறார்கள். காயவைத்துச் சலித்தால் ஆகுமா?

லேத்து கோவை:
பேஷாக ஆகும். நானே அதைத்தான் போடுகிறேன். வாட்டர் ஜெட்டுக்குப் பெரும்பாலும் 80 மெஷ் போடுவார்கள் (மெஷ் என்பது சல்லடை எண், எண் கூடினால் மணி பொடிசு). வெட்டி முடிந்தபின் பாதி தூளாகியிருக்கும். தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸுக்கு மட்டும் புதுசாக 30/60 ஒரு மூட்டை வாங்கிவிடுங்கள், 80 மெஷ் அந்தத் தடிமனான செதிலை உரிக்கத் திணறும்.

ஃபவுண்டரி சேஃப்டி:
வாங்குவதற்கு முன் அந்தக் கடையில் என்ன வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இரும்பு, அலுமினியம் என்றால் சரி. கிரானைட்டும் டைல்ஸும் வெட்டுகிற கடை என்றால் அந்தச் சேற்றில் பாதி கல்தூள். நீங்கள் விட்ட குவார்ட்ஸ் வேறு வழியாக வீட்டுக்கே வந்துவிடும்.

லேத்து கோவை:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரியான கேள்வி.

சேலம் டிங்கர்:
சேஸிஸ் அடிப்பதற்கு முன் பெட்டி மாதிரி மூடின பகுதிகளின் ஓட்டைகளை எல்லாம் துணி வைத்து அடையுங்கள். ஹெரால்ட் சேஸிஸில் உள்ளே போன மணல் தானாக வராது. மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். பக்கவாட்டுக் கைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று வந்தால் அடிக்கலாம். பொத்தென்று வந்தால் அடிப்பது வீண் வேலை, வெட்டிவிட்டுப் புதுசு வெல்டு பண்ணுவதுதான் சரி. அடித்த இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடத்தில் ராத்திரிக்குள் கைரேகை துருவாக நிற்கும். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடை மட்டும் நம்பி மழைக்காலத்தில் வெளியே வைக்காதீர்கள். ஐப்பசியில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். கதவு நாலையும் சேலத்துக்கு அனுப்புங்கள், ரிமூவரும் பாஸ்பாரிக் ஆசிடும் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

லேத்து கோவை:
அண்ணே, கதவின் உள்மடிப்பில் ஆசிட் தங்கிவிட்டால் பிரைமர் நிற்காது, கழுவினால் தண்ணீர் தங்கும். அந்த இடத்தை 80 மெஷ் கார்னெட், 40 பி.எஸ்.ஐ.யில் அடித்தால் தகடு நெளியாது என்று நான் இன்னமும் சொல்கிறேன்.

சேலம் டிங்கர்:
உள்மடிப்பு என்றால் சரி, அங்கே தகடு மடிந்திருக்கிறது, தாங்கும். வெளித்தகட்டில் அடித்துக் காட்ட முடியுமா? என்னிடம் கழித்துப்போட்ட ஓர் அம்பாசிடர் கதவு கிடக்கிறது, அனுப்புகிறேன். பாதிக்குப் பேப்பர் ஒட்டிவிட்டு மீதியில் நீங்கள் சொல்கிற மெஷ், நீங்கள் சொல்கிற பிரஷர். முடிந்ததும் இரண்டடி ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்து போட்டோ போடுங்கள்.

லேத்து கோவை:
அனுப்புங்கள். லாரி வாடகை என் செலவு.

ஃபவுண்டரி சேஃப்டி:
அம்பாசிடர் தகடு ஹெரால்டைவிடக் கனமாக இருக்கும். முதலில் இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த சண்டை அதில் வரும்.