மறு: ‘டூம்ஸ்டோன்’ கலைச்சொல்: கல்லறைக்கல் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

சபை நிர்வாகச் செயலியின் தமிழாக்கத்தில் ஒத்திசைவு (sync), முரண் (conflict), காப்புநகல் (backup) மூன்றும் முடிவாகிவிட்டன. ‘ஆஃப்லைன்’ பற்றி இன்னும் பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து. திரையில் ‘இணைப்பில்லாமல்’ என்று போட்டால் யாருக்கும் புரியும். ‘அகல்நிலை’ என்று போட்டால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மிச்சம் இருப்பது டூம்ஸ்டோன் (tombstone), அதாவது நீக்கிய பதிவின் இடத்தில் விட்டுவைக்கும் சிறு குறிப்புதான். இதில் அவசரம் கூடாது.

> கசாண்ட்ரா தரவுத்தள ஆவணங்களில் இருக்கிற சொல்தானே. நேராகக் ‘கல்லறைக்கல்’ என்றே வைத்துவிடலாம். நிரலர்களுக்குப் புரிந்தால் போதும்.

நிரலர்கள் மட்டும் பார்க்கிற சொல் என்றால் நானும் சரியென்றிருப்பேன், ஐயா. ஒத்திசைவு அறிக்கைத் திரையிலும் இது வருகிறது. அதைப் படிக்கப் போகிறவர்கள் சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டார) அலுவலகத்தில் கணக்கு எழுதுபவரும் கிராமச் சபை ஊழியரும். அதே செயலியில் அடக்கப் பதிவேடு இருக்கிறது. அதில் கல்லறைத் தோட்டம், கல்லறை எண் என்று கட்டங்களும் இருக்கின்றன. ‘4 கல்லறைக்கற்கள் ஒத்திசைக்கப்பட்டன’ என்று திரை சொன்னால், நான்கு அடக்க ஆராதனைகள் பதிவாகியிருப்பதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. வேலை மாற்றலாகிக் கோயம்புத்தூருக்குக் குடிபோன ஒரு குடும்பத்தைச் சபைப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம். நல்ல சுகத்தோடு இருக்கிற அந்தக் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘கல்லறைக்கல்’ என்று வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழுமத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினியில் ஒரு பதிவை நீக்குகிறோம். மலைக்கிராமத்து ஊழியரின் கைப்பேசிக்கு அப்போது சிக்னல் இல்லை. அந்தப் பதிவு அதில் அப்படியே கிடக்கிறது. அவர் கீழே இறங்கி வந்து இணைந்ததும் இரண்டு கருவிகளும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கணினியில் வெறும் இன்மைதான் இருக்கிறது என்றால், கைப்பேசியில் இருப்பது புதிதாகச் சேர்த்த பதிவா, பழையதை நீக்கியதன் மிச்சமா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. புதிது என்று நினைத்து மறுபடி சேர்த்துவிடும். அதனால்தான் நீக்கும்போது பதிவைத் துடைத்தெறியாமல், ‘இது இன்ன அடையாள எண் கொண்டது, நீக்கப்பட்டது’ என்ற சிறு குறிப்பை மட்டும் விட்டுவைக்கிறோம். கௌச்டிபி (CouchDB) தரவுத்தளமும் இதைத்தான் செய்கிறது: உள்ளடக்கம் போய்விடும், எண்ணும் நீக்கப்பட்டது என்ற கொடியும் தங்கும், அந்தக் கொடி மற்றக் கருவிகளுக்கும் பரவும்.

> ‘நடுகல்’ எப்படி? சங்க காலச் சொல், சுருக்கமாகவும் இருக்கிறது.

அழகான சொல்தான், அக்கா. ஆனால் நடுகல் போரில் வீழ்ந்த வீரனின் பெயரும் பீடும் எழுதி வழிபட்ட கல். இங்கே ஒரு பதிவை எடுத்துவிட்டோம் என்கிறோம், அவ்வளவே. சாவின் வாடையும் போகவில்லை. வேறொரு சூழலில் பயன்படுத்த அதை வைத்திருப்போம்.

சபைகளிலும் பத்திர எழுத்தர்களிடமும் இதற்கொப்பான வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. ஏட்டில் ஒரு வரி தவறாகிவிட்டால் தாளைக் கிழிப்பதில்லை. எழுத்து தெரியும்படி குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையொப்பமிடுவார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் ஒருவரின் உறுதிபூசுதலும் திருமணமும் திருமுழுக்கு ஏட்டிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது 1983 திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் பிரிவு. முன்பு எழுதியது நிற்கும், பின்னால் நேர்ந்தது அதன் அருகில் ஏறும். நமக்கு வேண்டிய கருத்து அப்படியே இருக்கிறது.

அந்த வழியில் ‘அடித்தல் குறி’ என்று முதலில் யோசித்தேன். ‘அடித்தல் திருத்தல்’ எல்லாரும் அறிந்த தொடர். ஆனால் ‘அடிக்குறிப்பு’ பக்கத்திலேயே நின்று குழப்பும். ‘நீக்கக்குறி’ என்றால் பொத்தானில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தைச் சொல்வதாக நினைப்பார்கள்.

என் பரிந்துரை: நீக்கச்சுவடு. போனது போய்விட்டது, போனதற்கான தடம் இருக்கிறது என்பதைச் சொல் தானே சொல்கிறது. அதிலிருந்து மற்றவையும் கிளைக்கும். சுவட்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ‘சுவடுகாப்புக் காலம்’. பிறகு முற்றாகத் துடைப்பது ‘சுவடழிப்பு’.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கசாண்ட்ரா சுவட்டை வைத்திருக்கும் இயல்பிருப்புக் (default) காலம் 8,64,000 நொடி, அதாவது 10 நாள். எப்போதும் இயங்கும் வழங்கிகளுக்கு அது போதும். மாதம் ஒருமுறை இறங்கி வரும் ஊழியருக்குப் போதாது. சுவடு அழிந்தபின் அவர் கைப்பேசி இணைந்தால், நீக்கிய குடும்பம் மறுபடி பட்டியலுக்கு வந்துவிடும். ஓராண்டு வைக்கலாம் என்பேன். ஒரு சுவடு பிடிக்கும் இடம் மிகக் கொஞ்சம்.

அப்படித் திரும்ப வருவதற்கு வரைவில் யாரோ ‘உயிர்த்தெழுதல்’ என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை இன்றே எடுத்துவிடுங்கள். சபையாரின் விசுவாசத்தின் மையமான சொல்லை ஒரு மென்பொருள் கோளாறுக்கு வைக்க முடியாது. ‘மீள்முளைப்பு’ போதும். ‘மறுதாம்பு’ என்றும் தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து விவசாயி விரும்பி வளர்ப்பது அது. இங்கே முளைப்பதை யாரும் விரும்பவில்லை.

திரைச் செய்திக்கு என் வரைவு இது. அலுவலகம் நீக்கிய குடும்பத்தின் பெயரில் ஊழியர், இணைப்பில்லாத நேரத்தில், காணிக்கை ரசீது போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“இந்தக் குடும்பத்துக்கு நீக்கச்சுவடு உள்ளது (சேகர அலுவலகம், மார்ச் 3). உங்கள் கைப்பேசியில் இதன் பெயரில் ரூ. 500 ரசீது உள்ளது. ரசீது அழியாது. குடும்பத்தை மீட்கவா, ரசீதை மட்டும் வைத்துக்கொள்ளவா?”

காணிக்கை கொடுத்தவரின் ரசீது ஒருபோதும் தானாக மறையக் கூடாது. கடைசியாக எழுதியதே செல்லும் என்ற விதியை இங்கே விட்டால், கடிகாரம் தவறான ஒரு கைப்பேசி கணக்கையே மாற்றிவிடும்.

ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ‘நீக்கு’ பொத்தானே இருக்கக் கூடாது, ‘ஓரக்குறிப்பு சேர்’ மட்டும் போதும் என்று தனி இழையில் எழுதுகிறேன்.

கத்தோலிக்கப் பங்குகளிலும் இலங்கைச் சபைகளிலும் பணியாற்றும் நண்பர்கள் ‘நீக்கச்சுவடு’ உங்கள் அலுவலகத்தில் உறுத்துகிறதா என்று சொல்லுங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டு மொழிக்கோப்பில் ஏற்றுகிறேன்.

அன்புடன்