புதுப்பிப்பு: தங்கமீன் அள்ளும் காகிதம் ஏன் உடனே கிழிகிறது?

ஜப்பானியக் கோடைத் திருவிழாக்களுக்குக் குழந்தைகளோடு போகிறவர்களுக்காக முன்பு எழுதிய இழையில், தொட்டியில் நீந்தும் தங்கமீனைக் காகிதம் ஒட்டிய வளையத்தால் அள்ளும் 'கிங்யோ சுகுயி' விளையாட்டு பற்றி ஒரு வரிதான் இருந்தது. கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியே வந்ததால் இந்தச் சேர்க்கை.

கையில் தரும் காகித வளையத்தின் பெயர் 'போய்'. காகிதம் ஒட்டிய பக்கம் மேலே இருக்கட்டும். பிள்ளைகள் முதலில் நுனியை மட்டும் நனைத்துப் பார்ப்பார்கள். ஈரமும் உலர்வும் சேரும் கோட்டில்தான் கிழியும். முழுக் காகிதத்தையும் ஒரே தடவையில் நனைத்துவிடுங்கள். சாய்வாக இறக்கி, நீருக்குள் பக்கவாட்டில் நகர்த்தி, மேலே நீந்தும் சின்ன மீனைத் தலைப்பக்கமாக ஏந்தி, சாய்வாகவே எடுங்கள். வால் வளையத்துக்கு வெளியே தொங்கட்டும். அது காகிதத்தின் மேல் துடித்தால் ஓட்டைதான். நேராக மேலே தூக்கினால் நீரின் எடையே கிழித்துவிடும். மீனைப் போடும் கிண்ணத்தை நீர்மட்டத்தை ஒட்டிப் பிடியுங்கள். துருத்திய கண்ணோடு வரும் கறுப்பு தெமெகின் வகைத் தங்கமீன் பார்க்க அழகு, ஆனால் கனம். விட்டுவிடலாம்.

போயில் 5, 6 என எண் உண்டு. எண் கூடக்கூடக் காகிதம் மெல்லியது. சிறு குழந்தைக்குத் தடித்ததாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பிடித்த மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். விடுதிக் குழாய்நீரின் குளோரின் அதற்கு ஆகாது, விமானத்தில் ஊருக்குக் கொண்டுவருவதும் எளிதல்ல.